சேரியும் நாளங்காடியும்

‘சேரி’ என்னும் சொல் பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைக் குறித்தது. பிற்காலத்தில் அது வறியோர் ஒதுக்கப்பட்டு வாழும் இடத்துக்கே உரியதாய்க் குறுகிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏழைகளுக்கென எழுந்துள்ள அடுக்குமாடிகளை மதிப்பிடப் புகுவோர் இச்சொல்லின் வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சிலப்பதிகாரத்தின் இந்திர விழா பற்றிய காதை புகார் நகரை இரு கூறாகக் காட்டுகிறது. மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோரும் கொல்லரும் மீன் விற்போரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும் பெருவணிகர் மாடங்களும் இருந்தன. இரண்டுக்கும் இடையே, சோலையில் நாளங்காடி கூடிற்று. உறையும் இடம் வேறாயினும் கூடும் இடம் ஒன்றாயிருந்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது, தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கினர். அத்தகையோர்க்கென 1998இல் தொடங்கிய மக்கள் வீட்டுத் திட்டம் மூன்று அறை வீட்டை மாதம் 124 ரிங்கிட் வாடகைக்குத் தந்தது. இதன் நன்மையை மறுப்பார் இலர். ஆயினும், குறைந்த வருமானத்தையே தகுதியாகக் கொண்டமையால் ஏழைக்கு ஏழையே அண்டை வீட்டாராயினர். கோலாலம்பூரின் 17 மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஆராய்ந்து ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை என்கிறது. செங்கல்லும் சிமெண்டும் மட்டும் குடியை உயர்த்தா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீடு கட்டும் நிறுவனங்கள் 100க்கு 30 வீடுகளை மலிவு விலையில் கட்டவேண்டும் என்ற விதி 1980களிலேயே வந்ததே எனச் சிலர் வினவலாம். நோக்கம் நன்று, நிறைவேறிய முறையே குறையுடைத்து. பல இடங்களில் மலிவு வீடுகள் தனி மூலையில், தனி வாயிலோடு நிற்கின்றன. கணக்கேட்டில் கலந்தோர் தெருவில் கலக்கவில்லை. பல இனத்தாரை நெருக்கி வைத்தாலே ஒற்றுமை வளரும் என்பதும் பொருந்தாது. கம்போங் மேடானில் பல இனத்து ஏழைகளும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். 2001 மார்ச்சில் அங்கு மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் மாண்டன.

அண்டை அயல் மாறினால் பயன் உண்டா? அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல், வறுமை மிக்க அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் சிலருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி குலுக்கல் முறையில் வழங்கப்பட்டது. பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் உடனாய்வாளரும் பின்னர் ஆராய்ந்தனர். 13 வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு மிகுதியாக ஈட்டினர். அவ்வயதைக் கடந்தபின் சென்றோர்க்கு அந்நன்மை வாய்க்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் உயர்வுக்கும், வசதியுடையோரோடு கொள்ளும் நட்புக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதை அவர்களது 2022ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

பிரிக்பீல்ட்ஸ் நமக்கு அணித்தான சான்று. ரயில்வே ஊழியர்க்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசைகள் இடிபட்டு மறைந்தன. ரயில்வே பணிமனை நிலத்தில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளைய ரயில்வேயிலும் பதவித் தரம் பார்க்கப்பட்டது உண்மையே. எனினும் பள்ளியும் கோயிலும் கடைத்தெருவும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. அங்கே எழுத்தரும் தொழிலாளியும் ஒருவரையொருவர் காணாதிருத்தல் அரிது.

ஆதலின், புதுக் குடியிருப்புகளை ஆராய்வோர் ‘வீடுகள் எத்தனை?’ என்பதோடு நில்லாது, ‘இரு சாராரும் கூடும் இடம் எது?’ என்றும் வினவுதல் வேண்டும். பள்ளியும் நூலகமும் சந்தையும் மலிவு வீட்டுக்கும் விலையுயர்ந்த வீட்டுக்கும் நடுவே, இருவர்க்கும் ஒரே வாயிலோடு அமையட்டும். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். காலம் தாழ்த்தின் இழப்பு அவர்களுடையது. இக்கேள்வியைக் கேட்கும் உரிமை வேறு யாரினும் அவ்வாசிரியர்க்கே மிகுதி.