சுட்டுப் பார்க்க முடியாத சட்டை

துப்பாக்கியை எடுத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிற ஓர் ஆசாமியைப் பற்றி ஒன்றரை மணி நேரப் படம் ஒன்று பார்த்தேன். தற்கொலைக் கதை இல்லை. வியாபாரக் கதை. படத்தின் பெயர் 'செகண்ட் சான்ஸ்'. 2022ல் வந்த டாகுமெண்டரி. எடுத்தவர் ரமீன் பஹ்ரானி. அரவிந்த் அடிகாவின் 'ஒயிட் டைகர்' நாவலைப் படமாக்கினாரே, அவரேதான்.

ஆசாமியின் பெயர் ரிச்சர்ட் டேவிஸ். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் பீட்சா கடை வைத்திருந்தவர். 1969ல் பீட்சா கொடுக்கப் போன இடத்தில் வழிப்பறிக்காரர்களிடம் சிக்கி, துப்பாக்கிச் சண்டை போட்டுக் காயத்துடன் தப்பித்தேன் என்பது அவர் சொல்லும் கதை. அடிபட்டுப் படுத்திருந்தபோது யோசனை வந்ததாம். சட்டைக்குள்ளே, வெளியே தெரியாமல் போட்டுக்கொள்கிற மாதிரி குண்டு துளைக்காத உடுப்பு ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்?

செய்தார். போலீஸ்காரர்கள் நம்பவில்லை. துணி போய் குண்டைத் தடுக்குமா என்று சிரித்தார்கள். டேவிஸ் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே தன் மேல் சுட்டுக்கொண்டார். அப்புறம் சிரிப்பு நின்று ஆர்டர் வர ஆரம்பித்தது. இப்படி 190 தடவைக்கு மேல் சுட்டுக்கொண்டிருக்கிறார். காமிராவிலும் பதிவு செய்துவைத்திருக்கிறார். படத்தில் அதைப் பார்க்கும்போது நமக்கே வயிற்றைப் பிசைகிறது. ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

துணி எப்படிக் குண்டைத் தடுக்கிறது? ரொம்ப எளிது. கிரிக்கெட் வலையில் பந்து மாட்டிக்கொள்கிற மாதிரிதான். 1965ல் டூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது கெவ்லார் என்னும் இழை. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு. அதை நெருக்கமாக நெய்து, பல அடுக்காக வைத்தால், வருகிற குண்டின் வேகத்தை இழைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. குண்டு நசுங்கிக் காளான் மாதிரி விரிந்து நின்றுவிடும். உள்ளே இருப்பவருக்குப் பலமான குத்து விழும், ரத்தம் கட்டும், உயிர் இருக்கும். பெரும்பாலும் கைத்துப்பாக்கி வரைதான் இந்தத் துணி தாங்கும். ரைஃபிள் என்றால் பீங்கான் தகடோ எஃகுத் தகடோ செருக வேண்டும்.

டேவிஸின் கம்பெனிக்கும் 'செகண்ட் சான்ஸ்' என்றே பெயர். அது நிறைய போலீஸ்காரர்களைக் காப்பாற்றியது நிஜம். ஆரன் வெஸ்ட்ரிக் என்பவர் 1982ல் சுடப்பட்டு இந்த உடுப்பால் பிழைத்தார். நன்றியோடு பின்னாளில் அதே கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தார்.

இதுவரை எல்லாம் சுபம். தொண்ணூறுகளின் கடைசியில் ஸைலான் வந்தது.

ஸைலான் ஜப்பானின் டொயோபோ கம்பெனி செய்த இழை. கெவ்லாரைவிடவும் வலு. அதனால் உடுப்பு மெலிசாகவும் லேசாகவும் இருக்கும். போலீஸ்காரருக்கு இது பெரிய விஷயம். கனமான உடுப்பை வெயிலுக்குப் பயந்து கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டால் அது யாரைக் காப்பாற்றும்? ஆக, எண்ணத்தில் கோளாறு இல்லை. இழையில்தான் கோளாறு. ஈரமும் வெளிச்சமும் பட்டால் அதன் மூலக்கூறில் இருக்கும் ஒரு வளையம் உடைகிறது. வளையம் உடைய உடைய இழை பலவீனமாகிறது. போலீஸ்காரரின் உடுப்புக்கு ஈரத்துக்கா பஞ்சம்? நாள் பூராவும் வியர்வையில்தானே ஊறுகிறது!

2001லேயே சூட்டிலும் ஈரத்திலும் வலு குறைகிறது என்ற தகவல் டொயோபோவிடமிருந்து கம்பெனிக்கு வந்துவிட்டது. விற்பனையை நிறுத்துங்கள் என்று உள்ளே இருந்து மன்றாடியவர் வெஸ்ட்ரிக். 2002ல் டேவிஸ் தன் இயக்குநர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதில் இருந்த வழிகளில் ஒன்று, யாராவது வாடிக்கையாளர் சாகும்வரை அல்லது காயம்படும்வரை ஒன்றுமே நடக்காத மாதிரி விற்றுக்கொண்டிருப்பது. 2003 ஜூனில் அதுவும் நடந்தது. ஸைலான் உடுப்பு அணிந்திருந்த ஒரு போலீஸ்காரர் கலிஃபோர்னியாவில் சுடப்பட்டுச் செத்தார். பென்சில்வேனியாவில் இன்னொருவர் உடுப்பைத் துளைத்துக் குண்டு பாய்ந்து படுகாயமடைந்தார். 2004ல் கம்பெனி திவால். வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2018ல்தான் டொயோபோ 6 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க அரசிடம் சமாதானமாகப் போனது.

படம் இதையெல்லாம் நன்றாகவே சொல்கிறது. தன்னைச் சுட்டவனையே வெஸ்ட்ரிக் சந்திக்கிற இடம் ஒன்று வருகிறது. படத்திலேயே உசத்தியான காட்சி அதுதான். பஹ்ரானி அங்கே எதுவும் அலட்டிக்கொள்ளாமல் காமிராவை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

எனக்கு ஒரே ஒரு புகார். டேவிஸ் நல்லவரா கெட்டவரா என்பதையே படம் சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. அவர் தன்னைச் சுட்டுக்கொண்டாரே, அது எதை நிரூபித்தது?

யோசித்துப் பாருங்கள். புத்தம் புதிய உடுப்பு, அன்றைக்கு, அந்தத் துப்பாக்கியின் குண்டைத் தடுத்தது. அவ்வளவுதான் நிரூபணம். மூன்று கோடையில் வியர்த்து, மழையில் நனைந்து, கார் டிக்கியில் வெந்து போன உடுப்பு என்ன செய்யும் என்று அந்த வித்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தவர்களும் கேட்கவில்லை. ஒருத்தன் உயிரைப் பணயம் வைத்துக் காட்டும்போது 'அதெல்லாம் சரி சார், ரெண்டு வருஷம் கழிச்சு?' என்று கேட்க யாருக்கு மனசு வரும்? தைரியத்தைப் பார்த்துவிட்டு அதைத் தரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஆட்கள் எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்போம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போம். குண்டு துளைக்காத உடுப்பில் இது நடக்காது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும், சுட்டுப் பார்த்துவிட்டால் அது மறுபடி உதவாது. ஒரு தடவை குண்டு வாங்கிய உடுப்பை ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே, அதனுடைய உடன்பிறப்பைத்தான் சோதிக்க முடியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். புதுசு வரைக்கும் இது சரி, எல்லாம் ஒரே பானையில் வெந்தவை. உபயோகித்த உடுப்பு அப்படியில்லை. ஒன்று ஏ.சி. அறையில் ஹேங்கரில் தொங்கியிருக்கும். இன்னொன்று மடித்துச் சுருட்டி டிக்கியில் கிடந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பானை.

2005ல் அமெரிக்க நீதித்துறையின் ஆராய்ச்சி நிறுவனம் உபயோகத்தில் இருந்த 103 ஸைலான் உடுப்புகளை வாங்கிச் சுட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றின் மேலும் ஆறு குண்டு. 60 உடுப்புகளில் ஒரு குண்டாவது துளைத்துக்கொண்டு போய்விட்டது. புது உடுப்புக்கான எல்லா நிபந்தனைகளிலும் தேறியவை நாலே நாலு. நூற்றுமூன்றும் சுடப்படுகிற அன்று காலை வரை யாரோ ஒருவரைக் காப்பாற்றும் என்று நம்பப்பட்டவைதான். இன்னொரு பக்கம், பத்து வருஷமான கெவ்லார் உடுப்புகள் சோதனையில் தாக்குப்பிடித்ததும் உண்டு. வயசு மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் சங்கடம். இளசு செத்துப்போகிறது, கிழம் நிற்கிறது.

அப்படியானால் உறைமேல் போட்டிருக்கும் ஐந்து வருஷக் கணக்கு? அது கம்பெனி கொடுக்கிற உத்தரவாதம். ஐந்தாம் வருஷம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் துணி பால் மாதிரி திரிந்துபோகாது. அதற்கப்புறம் யாரும் பொறுப்பில்லை என்று மட்டும் அர்த்தம். 2022ல் உக்ரைன் யுத்தம் தொடங்கியபோது அமெரிக்கப் போலீஸ் இலாகாக்கள் பல, தேதி முடிந்து ஒதுக்கிய உடுப்புகளை மூட்டை கட்டி அனுப்பின. எதுவுமே இல்லாத இடத்தில் அது தர்மம். காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் அதே உடுப்பு சூதாட்டம்.

நீங்கள் வாங்கப்போவதில்லை, தெரியும். இருந்தாலும் வாங்குகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. வெளியுறை புதுசாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பிரயோசனமே இல்லை. அதை யாரும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பலகையில்தான் சீட்டு இருக்கும். அதில் மாடல், எந்த மட்டத்துக் குண்டு வரை தாங்கும், எந்த வருஷம் செய்தது எல்லாம் இருக்க வேண்டும். சீட்டு கிழிந்திருந்தால் பேச்சே வேண்டாம். பலகையைச் சுற்றியிருக்கும் நீர்புகா உறையில் கிழிசல், மடிப்பு விழுந்த தடம், பூஞ்சை வாசனை, பிளீச் போட்டு வெளுத்த அடையாளம் எல்லாமே அபசகுனம். பீங்கான் தகடு என்றால் கீழே விழுந்து உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அளவும் முக்கியம். இன்னொருத்தர் உடம்புக்கு வெட்டியது உங்கள் விலாவில் இடைவெளி விடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கையில் மிஞ்சுவது விற்கிறவர் வார்த்தைதான். காசு கொடுத்து நீங்கள் வாங்குவது துணியை இல்லை, நம்பிக்கையை. புதுசில் அந்த நம்பிக்கைக்கு ஒரு கம்பெனி, ஒரு சோதனைச்சாலை, ஒரு கோர்ட்டு என்று பின்னால் ஆள் இருக்கிறது. பழசில் யாருமில்லை.

ஒரு நல்லது நடந்தது. 2008ல் அமெரிக்கத் தரவிதியை மாற்றினார்கள். புது உடுப்பை அப்படியே சுடுவதோடு நிற்காமல், சிலவற்றை முதலில் 65 டிகிரி சூட்டில், 80 சதவிகித ஈரப்பதத்தில், பத்து நாள் உருளையில் போட்டுப் புரட்டியெடுத்து, கிழடாக்கி, அப்புறம் சுடு என்றார்கள். 'ரெண்டு வருஷம் கழிச்சு?' என்று யாரும் கேட்காத கேள்வியைக் கடைசியில் ஒரு இயந்திரத்தைக் கேட்கவைத்தார்கள். அதற்கு முன்னால் சில பேர் சுடப்பட வேண்டியிருந்தது.

படம் பாருங்கள், நல்ல படம். பார்த்து முடித்ததும் வாசலுக்குப் போய் வண்டியில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதுவும் இதே ஜாதிதான். உள்ளே தெர்மக்கோல் மாதிரி இருக்கிறதே, அது ஒரு பெரிய அடியில் தன்னை நசுக்கிக்கொண்டு உங்கள் தலையைக் காப்பாற்றும். இரண்டாவது அடிக்கு உதவாது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

அது எந்த வருஷம் வாங்கியது, ஞாபகம் இருக்கிறதா? மச்சான் கொடுத்தது என்றால், மச்சான் எத்தனை தடவை விழுந்தார் என்று கேட்டீர்களா?