அந்தியோகியாவின் பந்தி

கிறிஸ்து மதத்தின் ஆதி சபையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பரலோகத்தையும் பரிசுத்த ஆவியையும் அற்புதங்களையும் பேசி முடித்துவிடுகிறார்கள். அச்சபையின் ஏடுகளையே எடுத்து வாசிப்போருக்கு வேறொரு விஷயம் புலப்படும். அஃதாவது, அங்கே எழுந்த முதற்சண்டைகள் சோற்றைப் பற்றியும், அதை யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதைப் பற்றியுமே எழுந்தன. எருசலேமில் கிரேக்க பாஷை பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்ற முறுமுறுப்பைத் தீர்க்கவே ஸ்தேவான் முதலிய எழுவர் நியமிக்கப்பட்டனர். கொரிந்து பட்டணத்தில் வசதியுள்ளோர் முந்தி வந்து உண்டு வெறிக்க, இல்லாதோர் பசியோடு நின்றனர் என்று பவுல் கடிந்தெழுதினார். இவ்விரண்டையும்விடப் பெரிய சண்டை அந்தியோகியாவில் நடந்தது. அதைப் பிற்காலத்தார் மூடிவைத்த விதமும், நம் தமிழ்ச் சபைகள் அதை வாசித்த விதமும் ஆராயத் தக்கவை.

அந்தியோகியா சிரியா தேசத்துப் பெரும்பட்டணம். அங்கே யூதரும் யூதரல்லாதாரும் ஒரே சபையாயிருந்து ஒன்றாக உண்டனர். பேதுருவும் அங்கு வந்து எல்லோரோடும் உண்டார். பிறகு யாக்கோபினிடமிருந்து சிலர் வந்து சேர்ந்தனர். இந்த யாக்கோபு இயேசுவின் சகோதரர் எனப்படுபவர். எருசலேம் சபையின் தலைவர். அவருடைய ஆட்களின் தலை கண்டதும் பேதுரு மெல்லப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். மற்ற யூதரும் விலகினர். பவுலோடு ஊர் ஊராய் அலைந்த பர்னபாவும் விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைப் பவுலே சொல்லுகிறார்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோலையும் சம்பளப் பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது நமது தொழில். ஒன்றில் இருக்கும் பேர் மற்றொன்றில் இல்லாவிட்டால் உடனே கண்ணில் உறுத்தும். கலாத்தியர் நிருபம் கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூல் அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது. இப்பிந்திய நூலில் எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கம் வெகு சமாதானமாக வர்ணிக்கப்படுகிறது. பவுலும் பர்னபாவும் பிரிந்ததற்கு யோவான் மாற்கு என்ற இளைஞனை உடன் அழைத்துப் போவதா வேண்டாமா என்ற வழக்கே காரணமாகக் காட்டப்படுகிறது. பந்தி விவகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! சண்டையில் நின்றவர் பவுல். சபையின் ஒற்றுமையை எழுத வந்தவர் லூக்கா. எவர் எதை விட்டிருப்பார் என்பதை வாசகர்களே நிதானித்துக் கொள்ளலாம்.

ஆனால் பவுலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். பேதுரு என்ன பதில் சொன்னார்? மறுநாள் பந்திக்குத் திரும்பி வந்தாரா? திரும்பியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி பவுலின் கட்சிக்கு வேறென்ன வேண்டும்? அதை அவர் எழுதாமல் விட்டிருப்பாரா? ஆகையால் அன்றைய தினம் பவுல் தோற்றே போனார் என்று அறிஞர் பலர் ஊகிக்கின்றனர். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

பிற்காலத்து உரைகாரர்களோ இரண்டு அப்போஸ்தலர் சண்டையிட்டதையே சகிக்கவில்லை. அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமெந்து, இந்தக் கேபா பேதுருவே அல்லர், வேறொருவர் என்றார். ஜெரோம், சபையாரின் நன்மைக்காக இருவரும் பேசி வைத்துக்கொண்டு நடித்தார்கள் என்றார். அகுஸ்தீன் ஒருவரே, வேத வாக்கியத்தில் நடிப்பைப் புகுத்தினால் பின்பு எந்த வாக்கியத்தை நம்புவது என்று ஜெரோமுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நேர்மையான கேள்வி.

நிற்க. ஐரோப்பிய உரைகளில் இவ்வதிகாரத்துக்கு விசுவாசமா, கிரியையா என்னும் தர்க்கமே மிகுதி. தமிழில் வாசிப்பவனுக்கோ பந்தியே முன்னே வந்து நிற்கும். உடன் உட்கார்ந்து உண்பதற்குச் சுவிசேஷங்களின் தமிழ் மொழிபெயர்ப்பில் வழங்கும் சொல்லும் அதுவே. யார் முதற்பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தியே இல்லை என்பதெல்லாம் நம்மவர்க்கு உரையில்லாமலே விளங்கும். அப்படி விளங்க வேண்டிய நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706ஆம் வருஷம் தரங்கம்பாடிக்கு வந்தனர். இருவரும் லூதரன் சபையார். லூதரோ கலாத்தியர் நிருபத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் வருஷங்களில் அச்சாயிற்று. ஆகவே அந்தியோகியாச் சண்டை தமிழில் அச்சேறிய முதற்காலத்திலேயே தரங்கம்பாடியார் கையில் இருந்தது. கையில் இருந்தும், கோவிலுக்குள் ஜாதிக்கொரு இடமாகவே உட்கார்ந்தார்கள். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ஊழியஞ்செய்து பலரைச் சபையில் சேர்த்தவர் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார். அவருக்குக் கடைசிவரை பட்டம் இல்லை. காரணம் யாதெனில், அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர் இசையார் என்பதே. பாதிரிமார் யோசித்து யோசித்து யாக்கோபின் ஆட்களுக்கு அஞ்சிய பேதுருவாகவே முடிந்தார்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) விஷயம் இவ்வளவு எளிதன்று. சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணாக்கரும், பெத்லகேம் குறவஞ்சி பாடியவரும், சரபோஜி மன்னரிடம் மதிப்புப் பெற்றவருமாகிய அவரைச் சாமானியராகத் தள்ளிவிட முடியாது. 1820ஆம் வருஷத்துக்குப் பின் புதிதாக வந்த பாதிரிமார் பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினர். தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கினர். பண்டிகைக்குப் பூ வைப்பதையும் தடுத்தனர். ஜாதிகள் கலந்து உட்காரவும் கட்டளையிட்டனர். சாஸ்திரியார் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டி நான்குமே கொடுமை என்றார். நாம் கட்டை அவிழ்த்து, மூன்றில் அவர் பக்கமும் நான்காவதில் அவருக்கு எதிராகவும் நிற்கிறோம். அவர் கட்சியார், வெள்ளைக்காரருக்குள்ளும் அந்தஸ்து வித்தியாசம் உண்டல்லவா என்று கேட்டனர். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது; துரை பங்களாவுக்குப் பின்வாசலால் போய்வந்த நம் முன்னோர் அதை அறிவர். ஆனால் ஒரு அநீதியைக் காட்டி மற்றொன்றுக்கு நியாயம் தேட முடியுமா?

1833இல் கல்கத்தா மேற்றிராணியார் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி உடனே ஒழிய வேண்டுமென்று சுற்றுக்கடிதம் விடுத்தார். தஞ்சையில் திரளானோர் சபையைவிட்டு வெளியேறினர். ஒரே பந்தியைவிட வெளியே நிற்பதே மேல் என்று தோன்றிற்றுப் போலும்! கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலி வடக்கன்குளத்துக் கோவிலில் ஜாதியார் தனித்தனியே நின்று தொழ இரண்டு கிளைகள் கட்டி இடையே சுவரும் வைத்திருந்தனர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. அது தங்கள் பாத்தியதையென்று மேல்ஜாதியார் வழக்காட, மதராஸ் ஐகோர்ட்டு அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

தரங்கம்பாடி மரபில் வந்த லூதரன் சபை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழரோடு மலேயாவுக்கும் வந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்போரில் மிகப் பலர் நம்மவரல்லர். வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியருமே. நம்மோடு ஒரே மலையில் நனைகிறார்கள். அவர்கள் எடுக்கும் கொழுந்தையே நாம் நிறுத்துக் கணக்கெழுதுகிறோம். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ நம் வீட்டுக் கலியாணம், கோவில் திருவிழா, கிறிஸ்மஸ் விருந்து எதுவானாலும் அவர்கள் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை கலாத்தியர் நிருபத்தின்மேல் பிரசங்கஞ் செய்வோரும், கிறிஸ்தவரின் ஜாதியைக் கண்டு நகைக்கும் இந்து அன்பர்களும் அடுத்த விருந்தில் எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழில் அந்நிருபத்துக்கு இனி உரையெழுதப் புகுவோருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் அதிகாரத்தில் லூதரின் கருத்தை எழுதுங்கள், அகுஸ்தீன் கருத்தை எழுதுங்கள். அவற்றுக்குக் கீழே, தரங்கம்பாடிச் சபை இராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுத்ததையும் ஒரு வரி எழுதுங்கள்.