பெயினின் ‘பகுத்தறிவுக் காலம்’: ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் பகுத்தறிவு இயக்க வரலாற்றில் தாமசு பெயின் இயற்றிய ‘பகுத்தறிவுக் காலம்’ தலையாய நூல்களுள் ஒன்று. அதன் முதற்பகுதி 1794-இலும் இரண்டாம் பகுதி 1795-இலும் வெளிவந்தன. இதனை நாத்திக நூல் என்பாரும் உளர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூசுவெல்ட்டு, தாம் 1888-இல் வெளியிட்ட வரலாற்று நூலொன்றில் பெயினை நாத்திகர் என்றே இழித்துரைத்தார். அது பொருந்துமாறு இல்லை. நூலின் தொடக்கத்திலேயே ஒரே கடவுளைத் தாம் நம்புவதாக ஆசிரியர் அறிவிக்கின்றார். இறைவன் ஒருவர்க்கு நேரே உணர்த்தியது அவர்க்கு மட்டுமே இறைமொழி; அவர்வாய்க் கேட்ட பிறர்க்கு அது செவிவழிச் செய்தியே என்பது அவர்தம் வாதம். ஈண்டு மறுக்கப்படுவது மறைநூலின் தெய்வத்தன்மை. இறைவன் உண்மை அன்று.

அங்ஙனமாயின், பெரும்பழி எழுந்தது ஏன்? இத்தகைய ஐயம் கற்றோரிடையே முன்னரே வழங்கியதுதான். பெயின் அதனை எளிய மக்கள் மொழியில் உரைத்தார். அதுவே காரணம் என யாம் கருதுகின்றோம். 1776-இல் ‘பொது அறிவு’ என்னும் சிறுநூலால் விடுதலை வேட்கையை வளர்த்த அதே நடை, இந்நூலால் அவர்க்குப் பகை தேடித் தந்தது. இரண்டாம் பகுதியில் எள்ளல் மிகுந்து வாதத்தின் வலியைக் குறைத்தலும் மறுக்கவியலாக் குறையே. எனினும், 1809-இல் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கிற்கு வந்தோர் மிகச் சிலரே என்பதை எண்ணுங்கால், நூலைக் கல்லாது வழங்கிய தீர்ப்பின் கொடுமை புலனாகும்.