கருடசேவையும் காமிராவும்

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சொந்தத் தொலைக்காட்சியான ஸ்ரீ வேங்கடேஸ்வரா பக்தி சேனல் 2008-இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிற நம்மவர்கள் பலருக்கு பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு மலையேற லீவு கிடைக்காது. டி.வி.யில் வருவதுதான் அவர்களுக்குக் கருடசேவை. ஆகவே அதை எடுத்துக் கொடுப்பவர் எதைக் காட்டுகிறார், எதை விடுகிறார் என்று கேட்பது அபசாரமாகாது.

ஒரு எல்லை மட்டும் அவர் கையில் இல்லை. மூலவர் சந்நிதிக்குள் காமிரா போகாது. திரையில் நாம் சேவிப்பது உற்சவர் மலையப்ப சுவாமியை. மற்றதெல்லாம் தயாரிப்பாளர் முடிவு. வாகனம் நான்கு மாட வீதிகளிலும் ஆடி அசைந்து மெதுவாகத்தான் வரும். டி.வி.க்கு அந்த நிதானம் ஆகாது. உடனே கோலாட்டக் குழு, அங்கிருந்து காலரியில் கைகூப்பும் கூட்டம், அப்புறம் பிரமுகர்கள். வீதியில் நிற்பவன் கண்ணும் இப்படித்தான் அலையும் என்பதால் இதை நான் பெரிதுபடுத்தவில்லை. (பிரமுகர்களைக் கொஞ்சம் குறைக்கலாம்.)

என் குறை காதைப் பற்றியது. வைணவ மரபில் பெருமாளுக்கு முன்னே திவ்யப்பிரபந்த கோஷ்டி, பின்னே வேத கோஷ்டி. தெலுங்கு நாட்டு மலையில் முன்னே போவது நம்ம தமிழ்! மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை சேவிக்கிற கோயில் அது. ஒளிபரப்பிலோ வர்ணனையாளர் வாகனத்தின் தத்துவத்தை விளக்கிக்கொண்டே போக, கோஷ்டியின் குரல் அடியில் முணுமுணுப்பாகி விடுகிறது. தமிழில் வர்ணனை வந்தாலும் இதே கதைதான். தமிழைத் தமிழே மூடிவிடும்.

2020 செப்டம்பரில் கொரோனாவால் வீதியுலா இல்லை. வாகன சேவைகள் கோயிலுக்குள் கல்யாண மண்டபத்தில் ஏகாந்தமாக நடந்தன. காட்டுவதற்குக் கூட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை. காமிரா பெருமாளிடமே நின்றது. நான் பார்த்ததில் எனக்குப் பிடித்த ஒளிபரப்பு அதுதான். கூடப் பார்த்த நண்பரோ, "என்னங்க, திருவிழாவையே காணோமே!" என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஜனங்களை எடுத்துவிட்டால் உற்சவம் ஏது?

ஆகையால் கூட்டத்தைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோஷ்டிக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்து, பாசுரம் சேவிக்கும்போது ஐந்து நிமிஷம் வர்ணனையை நிறுத்தினால் போதும். அந்த ஐந்து நிமிஷமும் காமிரா எங்கே வேண்டுமானாலும் சுற்றட்டும்.