ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் கை

பழைய மாசே 1035 டிராக்டரின் முன்பக்கத்தைப் பிரித்துச் சீர்செய்யும் வேலையைப் போல என்னைக் கட்டிப்போடும் பட்டறை வேலை வேறில்லை. இன்ஜின் வேலையின் தரத்தைச் சத்தம் சொல்லிவிடும். ஸ்டியரிங் வேலையின் தரம் ஓட்டுகிறவரின் உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

தேர்வாய் கண்டிகைப் பக்கம் இந்த வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. சொர்ணவாரிக்கும் நவரைக்கும் சேற்றுழவு ஓட்டும் அதே வண்டி, சிப்காட் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிரெய்லர் இழுத்துப் போகிறது. ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றினால் வயலில் வரப்பு இடிபடும். தார்ச்சாலையில் உயிருக்கே உலை.

இந்த முன்பக்கத்தின் பூர்வீகம் ஹாரி ஃபெர்குசன். 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான அவருடைய டிஇ 20 டிராக்டரில், ஸ்டியரிங் பாக்ஸின் இருபுறமும் ஒவ்வொரு கை இருக்கும். ஒவ்வொரு கையிலிருந்தும் அந்தந்தப் பக்கச் சக்கரத்துக்குத் தனி ராடு போகும். முன் அச்சின் இரு முனைகளும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் பயிர் வரிசைக்கு ஏற்ப முன்சக்கர இடைவெளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் ராடின் நீளத்தைத் தொடவே வேண்டாம். சக்கரம் நேராகவே நிற்கும். அந்த வம்சத்தைச் சேர்ந்த மாசே டிராக்டரை, 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது.

ஸ்டியரிங் ஆட்டம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. ஸ்டப் ஆக்சில் புஷ்ஷில் கொஞ்சம், ராடு முனைப் பந்துகளில் கொஞ்சம், ஹப் பேரிங்கில் கொஞ்சம், நடு அச்சுப் பின்னில் கொஞ்சம். எல்லாம் சேர்ந்துதான் மேலே கால் சுற்றாக வருகிறது. அவசரக்காரர் முதலில் பாக்ஸைப் பிரிப்பார். கைதேர்ந்தவர் தரையிலிருந்து மேலே ஏறுவார்.

லாரி ரேடியல் டயர் செய்யும் மிஷ்லின் ஆலை உள்ள தேர்வாய் கண்டிகையில், டயரைப் படித்து வேலையைத் தொடங்குவது எவ்வளவு பொருத்தம்! முன் டயரின் நெடுக்கு வரிகளில் ஒரு விளிம்பு மட்டும் கூராகத் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக இழுபடுகிறது என்று அர்த்தம். பிறகு நடு அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து, தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். சக்கரம் ஆடி ஸ்டப் ஆக்சில் ஆடாவிட்டால் ஹப் பேரிங். இரண்டும் சேர்ந்து ஆடினால் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ராடு முனை தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் நோய் முழுதும் தெரிந்துவிடும்.

வேலையின் உச்சம் புஷ் போடுவது. புது புஷ்ஷை அடித்து இறக்கியதும் அதன் துளை சற்றே இறுகும். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியாகக் கடைந்தால் துளைகள் ஒரே கோட்டில் அமையாது, ஸ்டியரிங் கனக்கும். நீள ரீமரை இரண்டின் வழியாகவும் ஒரே ஓட்டமாக விட்டு, மெல்லிய பொடி உதிர உதிரக் கடையவேண்டும். ஸ்டப் ஆக்சில் தண்டு ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் வெல்டிங்கில் நிரப்பி லேத்தில் உருட்டி எடுக்கவேண்டும். கடைசியில் எண்ணெய் தடவி அதை உள்ளே ஏற்றி ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். தடையில்லாமல் திரும்பவேண்டும், பக்கவாட்டில் இம்மியும் அசையக்கூடாது. இந்த அளவை விரல்தான் முடிவு செய்கிறது.

முடிவில் டயரில் சுண்ணாம்புக் கோடு. முன்புறம் கோட்டுக்குக் கோடு அளந்து, வண்டியை உருட்டி, அதே கோடு பின்புறம் வந்ததும் மறுபடி அளப்பார். முன்னளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும். ராடு இரண்டு என்பதால் இருபுறமும் சமமாகத் திருகினால்தான் ஸ்டியரிங் நடுவில் நிற்கும்.

அன்றைய வடிவமைப்பின் பெருந்தன்மை இதில்தான் இருக்கிறது. மலிவான புஷ் தேய்ந்து, விலையுயர்ந்த அச்சைக் காக்கிறது. தேயவேண்டியதை மாற்றிக்கொண்டே போனால், உழைத்து ஓய்ந்த வண்டியும் முன்பிருந்த நேர்த்தியோடு ஓடும். காயலான் கடைக்குத் தள்ளிவிட அவசியமில்லை. இந்த வேலையின் எதிரி சேறு. புஷ்ஷுக்குள் புகுந்த சேறு உப்புத்தாள்போல் அரைக்கும். உழவு முடிந்த அன்றே, பழைய கறுப்புக் குழம்பு வெளியேறிப் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். நல்ல மெக்கானிக்குக்கு வண்டிக்காரர் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.