பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி

வீட்டில் சர்க்கரைவள்ளிக் கொடி இருந்தால் முதலில் அதன் இலைகளைப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த இலை கண்ணில் பட்டால் அதைச் சுற்றித் தேடுங்கள். மேலேயோ அடியிலேயோ ஆமை வண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஓட்டின் ஓரம் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். நடுவில் தகதகவென்று தங்கம். பொன்வண்டின் பச்சை மினுமினுப்பைப் பார்த்தவர்கள்கூட இதைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள். இன்னொரு அதிசயம், அந்தத் தங்கத்தைச் சேர்த்து வைக்க முடியாது. ஓட்டுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படலங்களில் ஈரம் உள்ளவரைதான் அந்த ஜொலிப்பு. வண்டு செத்துக் காய்ந்தால் மங்கிப் பழுப்பேறிவிடும். உயிரோடு, இலையில், அது இருக்கிற இடத்தில் பார்த்தால்தான் உண்டு. அல்லது படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, வாழை, நந்தியாவட்டை, துளசி, வேலியில் படர்ந்த வள்ளிக்கொடி. இதற்குள் எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஃபிளாஷ். லென்ஸ்கூட இரண்டாம்பட்சம்தான். ஃபிளாஷ் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். பளீரென்று அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும், இயற்கை வெளிச்சம்தான் அழகு என்கிறார்கள். நிலக்காட்சிக்கு அது சரி. அரை சென்டிமீட்டர் பூச்சிக்குச் சரியில்லை. பூச்சியின் உண்மையான நிறமும் ரோமமும் ஓட்டின் நகாசும் தெரிய வேண்டுமென்றால் ஃபிளாஷைப் போல் வேறொன்று கிடையாது. நான் எங்கும் அடித்துச் சொல்வேன்.

காரணம் எளிமையானது. பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைக்கும்போது, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற பெருக்கத்தில், ஃபோகஸில் தெளிவாக நிற்கிற ஆழம் மிக மிகக் குறைவு. எஃப் 11 வைத்தாலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும். அதனால் அபெர்ச்சரைச் சுருக்கியே ஆக வேண்டும். அந்த நெருக்கத்தில் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. கேமராவில் எஃப் 11 என்று காட்டினாலும் சென்சாருக்கு எஃப் 22 அளவு வெளிச்சம்தான் போய்ச் சேரும். இலை நிழலில் வெறும் பகல் வெளிச்சத்தை நம்பினால் கால் நொடி, அரை நொடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிவரும். காற்றில் ஆடுகிற கறிவேப்பிலைக் கொழுந்தில், மூச்சு விட்டாலே ஆடுகிற கையோடு, அரை நொடியா!

ஃபிளாஷ் இங்கே செய்கிற வேலை அபாரமானது. சாதாரணமாகக் கேமராவின் மேல் மாட்டுகிற ஃபிளாஷை முழுச் சக்தியில் வைக்காமல் பதினாறில் ஒரு பங்குச் சக்தியில் வைத்துப் பாருங்கள். அது வெளிச்சம் தருகிற நேரம் நொடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஃபிளாஷ் சக்தியைக் குறைக்கக் குறைக்க வெளிச்சம் மங்குகிறது என்று நினைப்போம். உண்மையில் அது எரிகிற நேரம்தான் சுருங்குகிறது. நிழலில், எஃப் 11-ல், 1/200 ஷட்டரில் பகல் வெளிச்சம் படத்தில் பதிவதே இல்லை என்று சொல்லலாம். படத்தை எழுதுவது அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும்தான். கை ஆட்டம், காற்று, மீசையை ஆட்டிக்கொண்டே நடக்கிற எறும்பு எல்லாம் அதற்குள் உறைந்து நின்றுவிடும்.

இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஹெரால்ட் எட்ஜர்ட்டன். 1930களிலேயே மின்ஃபிளாஷால் கண்ணுக்குத் தப்பும் கணங்களைப் பிடித்தவர். ஆப்பிளைத் துளைத்து வெளிவரும் துப்பாக்கிக் குண்டு அவர் எடுத்த படம்தான். பறக்கும் பூச்சிகளுக்கென்றே அதிவேக ஃபிளாஷை உருவாக்கிக்கொண்ட இங்கிலாந்துக்காரர் ஸ்டீபன் டால்டன் 1975-ல் ‘பார்ன் ஆன் த விண்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். சிறகு விரித்த நிலையில் பூச்சிகள் அந்தரத்தில் நிற்கிற படங்கள். அவர்களுக்கெல்லாம் தனியாகச் சாதனம் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு நாலு பேட்டரி போட்ட ஃபிளாஷ் போதும். நினைத்தாலே மனம் பொங்குகிறது.

என்னுடைய செட்டிங்கைச் சொல்லிவிடுகிறேன். கேமரா மேனுவல் மோடில். ஷட்டர் 1/200. அபெர்ச்சர் எஃப் 11. ஐ.எஸ்.ஓ. 200. ஃபிளாஷும் மேனுவல்தான், சக்தி 1/16. ஷட்டரை 1/200 அல்லது 1/250க்கு மேலே கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் அதற்கு மேல் போனால் ஷட்டர் திரை ஃபிளாஷை மறைத்துப் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். அதிவேக சிங்க் என்று ஒரு வசதி உண்டு. அதில் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடிக்கிறது, அந்தக் குறுகிய ஒற்றை வெட்டு போய்விடுகிறது. இந்த வேலைக்கு அது வேண்டாம். அபெர்ச்சரை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும். ஆனால் ஒளி விளிம்புகளில் சிதறிப் படம் முழுதுமே மழுங்கும். எஃப் 11 எனக்குப் பிடித்த இடம்.

மேக்ரோவின் மிக இனிமையான விஷயம் ஒன்று உண்டு. ஒரே பெருக்கத்தில் எடுக்கும்வரை லென்ஸுக்கும் பூச்சிக்கும் உள்ள தூரம் மாறாது. தூரம் மாறாததால் ஃபிளாஷ் வெளிச்சமும் மாறாது. ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் அன்று முழுக்க அதே செட்டிங்தான். வெயில் வந்தாலும் மேகம் மூடினாலும் கவலையில்லை. கண்ணும் கையும் பூச்சியிடமே இருக்கும். இந்தச் சுதந்திரத்தை வேறெந்த வகைப் படப்பிடிப்பும் எனக்குக் கொடுத்ததில்லை.

டிடிஎல் என்ற தானியங்கி முறை கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் படத்துக்குச் சற்று முன்னால் அளவு பார்க்க ஒரு சின்ன மின்னல் அடிக்கும். நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வாழை இலையில் பச்சை உலோகம்போல் மின்னிக்கொண்டு ஓடித் திரிகிற நெடுங்கால் ஈக்கு அப்படியில்லை. முதல் மின்னலிலேயே அது கிளம்பிவிடும். படத்தில் வெறும் இலைதான் இருக்கும். ஃபிளாஷை மேனுவலில் வைத்தால் முன்மின்னல் கிடையாது. ஈ அப்படியே கிடைக்கும். ஒரு கொசு அளவுதான் இருக்கும் அந்த உடம்பில் பச்சையும் செம்பும் நீலமும் மாறி மாறி ஓடுகிற அழகைச் சொல்லி மாளாது!

இனி என் மனசுக்கு மிக நெருங்கிய சாமானுக்கு வருகிறேன், டிஃப்யூசர். ஃபிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கிற அந்த வெள்ளைத் திரை. என் தீர்ப்பு இதுதான்: லென்ஸுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கு அக்கறையை டிஃப்யூசரில் காட்டினால் படம் எங்கேயோ போய்விடும். வெளிச்சம் மென்மையாக விழுமா, குத்துமா என்பது வெளிச்சம் பூச்சிக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் எவ்வளவு பெரியது! ஆனால் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் வண்டின் முதுகில் அது ஒரு கூர்மையான புள்ளி. ஒரு சாண் வெள்ளைத் தாளை வண்டுக்கு நாலு விரற்கடை தள்ளி வைத்தாலோ, வண்டுக்கு அதுதான் வானம்.

நான் செய்வது இது. கெட்டி அட்டையை லென்ஸின் மேல் சரிவாகக் கூரைபோல் வளைத்து, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, முன்னால் இரண்டு அடுக்கு வெள்ளைத் திரை. முதல் அடுக்கு டிரேசிங் பேப்பர், ஃபிளாஷுக்குப் பக்கத்தில். இரண்டாவது அடுக்கு, மின்சாதனங்களைச் சுற்றி வருகிற மெல்லிய வெள்ளை ஃபோம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. முதல் திரை வெளிச்சத்தை விரிக்கும். விரிந்த வெளிச்சம் இரண்டாவது திரை முழுக்கச் சமமாகப் பரவும். ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் பளீரென்று இருக்கும். டிஃப்யூசர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகை எடுத்துப் பாருங்கள். திரையின் உருவம் அதில் அப்படியே தெரியும். வெள்ளை சமமாக இருந்தால் வேலை முடிந்தது. நடுவில் சூரியன்போல் ஒரு பொட்டு தெரிந்தால் இன்னொரு அடுக்கு போடுங்கள்.

இப்போது அந்தத் தங்க ஆமை வண்டிடம் திரும்பிப் போங்கள். வெறும் ஃபிளாஷில் அதன் முதுகில் ஒரு வெள்ளை ஓட்டை மட்டும் விழுந்திருக்கும். டிஃப்யூசரோடு எடுத்த படத்தில் ஓட்டின் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிகிறது. தங்கம் ஒரு பக்கம் வெளுத்து, நடுவில் மஞ்சளாகி, விளிம்பில் இளம்பச்சையாகக் கரைகிறது. ஊடுருவித் தெரிகிற ஓரத்துக்குக் கீழே இலையின் நரம்புகள்! ஓட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிற மீசையின் நுனிகூடத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

ஃபிளாஷ் படம் என்றால் பின்னணி கறுப்பாகிவிடும் என்ற குறை உண்டு. பூச்சிக்கு வந்து சேர்கிற வெளிச்சம் நாலடி பின்னால் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான். பின்னால் ஒரு இலை வருகிற மாதிரிக் கோணத்தை மாற்றினாலே பச்சை வந்துவிடும். அல்லது பகல் வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடலாம். இதைப் பழக நீலப்பட்டைத் தேனீயைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பகலெல்லாம் துளசிப் பூவில் ஓர் இடத்தில் நிற்காமல் பறக்கிற இந்தத் தேனீக்களில் ஆண்கள், பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். ஒரே குச்சியில் வரிசையாக நாலைந்து! அப்போது ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கி, ஷட்டரை 1/60க்கு இறக்கி, ஃபிளாஷை 1/64க்குக் குறைத்துவிடுவேன். பின்னால் மாலை வானத்தின் வெளிச்சம் பரவும். முன்னால் வயிற்றின் நீலப் பட்டைகள் ரோமம் ரோமமாக ஜொலிக்கும். பச்சைக் கண்ணில் அறுகோண அறைகளை எண்ணிவிடலாம்போல் இருக்கும்.

ஃபோகஸுக்கு மோட்டாரை நம்புவதில்லை. லென்ஸை வேண்டிய பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மட்டும் மெல்ல முன்னே சாய்த்து, கண் தெளிகிற கணத்தில் அழுத்துவேன். இடது கையால் காம்பைப் பிடித்து அதே கையின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். முக்காலியைவிட இது எவ்வளவோ மேல். விடிகாலை குளிரில் பூச்சிகளுக்கு உடம்பு சூடேறியிருக்காது, சாவகாசமாக எடுக்கலாம்.

குதிக்கும் சிலந்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எதற்கு? பூச்சி இனத்தில் சேராது, எட்டுக்காலி. இருந்தாலும் கொல்லையின் ராணி அதுதான். நந்தியாவட்டை இலையில் வெளிர்மஞ்சள் உடம்போடு உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு பெரிய கண்கள், பக்கத்தில் இரண்டு சின்னக் கண்கள், இன்னும் நாலு தலைமேல். லென்ஸை நீட்டினால் ஓடாது. திரும்பி நம்மைப் பார்க்கும்! அதன் கண்வில்லை அசையாது. உள்ளே விழித்திரைக் குழாய்தான் அங்குமிங்கும் நகரும். அதனால் அடுத்தடுத்த படங்களில் கண் கறுப்பாகவும் வெளிறியும் மாறித் தெரியும். தம்பி மகளிடம் படத்தைக் காட்டினேன்.

“பெரியப்பா, இது என்னையா பாக்குது?”

“உன்னையேதான்டி குட்டி.”

“கண்ணுக்குள்ள வெள்ளையா ஜன்னல் தெரியுதே!”

டிஃப்யூசரின் பிரதிபலிப்பைத்தான் அவள் ஜன்னல் என்றாள். அன்றிலிருந்து கொல்லைக்குப் போனால் அவளும் கூடவே.

சாமான் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேனானின் எம்பி-இ 65 எம்.எம். லென்ஸ் ஐந்து மடங்குவரை பெரிதாக்கும், அற்புதமானது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கிற டெலி லென்ஸின் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடியைக் கவ்வவிட்டால் போதும், 200 எம்.எம்.மில் உண்மை அளவுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வந்துவிடும். பழைய 50 எம்.எம். லென்ஸைத் தலைகீழாக மாட்டியும் எடுக்கலாம். லெவான் பிஸ் என்ற இங்கிலாந்துப் படக்கலைஞர் ஒரே பூச்சிக்கு ஏறத்தாழ எட்டாயிரம் படங்கள் எடுத்துச் சேர்த்து 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கும் பெரிதாக வைத்தார். தலை வணங்குகிறேன். ஆனால் அவை பதப்படுத்திய பூச்சிகள். உயிருள்ள ஆமை வண்டின் தங்கம் நம் வேலியில் இருக்கிறது.

ஐப்பசி மழை ஓய்ந்த காலையில் போய்ப் பாருங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவைக்கொம்பை நீட்டி, வாடை வீசி மிரட்டும். அதையும் எடுங்கள். எஃப் 11, 1/200, ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் 1/16-ல் தொடங்குங்கள். படம் இருட்டாக வந்தால் ஃபிளாஷை 1/8 ஆக்குங்கள். செடிக்கு மட்டும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். நாலு இலை ஓட்டையானால் ஆகட்டும்.