"தூண்டுகிறது" என்ற ஒரே சொல்

வானூர் பக்கம் திருவக்கரையில் இருக்கிற பெரியப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. போன மாசம் வீசிங் அதிகமாகி, டாக்டர் சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை ஒழுங்கு. சாயங்காலம் எகிறிக் கிடக்கு. "திருட்டுத்தனமா என்னத்த தின்னீங்க?" என்று பெரியம்மா பிடித்துக்கொண்டார்.

பத்தாவது படிக்கும் தங்கை மகள் பாடப் புத்தகத்தைப் புரட்டினாள். 'அவசர கால ஹார்மோன்' அட்ரினலின் கிடைத்தது. பெரியப்பாவுக்கு அது உதவவில்லை.

என் குறை இதுதான். நம் பாடநூல்களிலும் உடல்நலக் கட்டுரைகளிலும் "ஹார்மோன் கல்லீரலைத் தூண்டுகிறது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது.

அட்ரினலின் செய்வது, செல்லில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்பாரிலேஸ் நொதியை எழுப்பிவிடுவது. நொதியில் ஒரு பாஸ்பேட் ஏறும், கிளைக்கோஜன் உடையும், நிமிஷக் கணக்கில் வேலை முடியும். அதுவும் நேரடியாக இல்லை. 1950களில் சதர்லேண்ட் குழு கல்லீரலை அரைத்து, அதில் செல்சவ்வுத் துணுக்குகள் உள்ள வண்டலை நீக்கிப் பார்த்தது. அட்ரினலின் செயலற்றுப் போனது. வண்டலைத் திரும்பக் கலந்தால் வேலை செய்தது! இடையில் ஓடும் தூதுவன்தான் சைக்ளிக் ஏஎம்பி. 1971இல் சதர்லேண்டுக்கு நோபல் பரிசு.

கார்டிசால் வேறு ரகம். செல்லுக்குள்ளேயே போய், மரபணுக்களை இயக்கி, நொதியைப் புதிதாகத் தயாரிக்க வைக்கிறது. 1957இல் லின், நாக்ஸ் இருவரும் எலிகளுக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தபோது, கல்லீரலில் டைரோசின் டிரான்ஸமினேஸ் சில மணி நேரத்தில் பல மடங்கு கூடியது. குளுக்கோஸைப் புதிதாக உருவாக்கும் சில நொதிகளும் இப்படித்தான் பெருகும். எங்க ஊர் பாஷையில் சொன்னால், முன்னது நிற்கிற கிரஷருக்கு சுவிட்ச் போடுவது. பின்னது இன்னொரு கிரஷரைக் கொண்டுவந்து நிறுவுவது. நிறுவ நேரமாகும், நிறுவியது உடனே போகாது.

ஸ்டீராய்டு மாத்திரை கார்டிசாலின் பங்காளி. (கல்லீரல் மட்டும் காரணமில்லை, தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்காததும் சேர்த்திதான்.) காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றுச் சோதனையில் பெரும்பாலும் அது சிக்காது. 'முடுக்குகிறது', 'பெருக்குகிறது' என்று புத்தகம் இரண்டு சொல் வைத்திருந்தால், அந்தப் பெண்ணே இதைப் பெரியம்மாவிடம் சொல்லியிருப்பாள்.

இப்போது பெரியம்மா சாயங்கால அளவையும் நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுகிறார். ஜிலேபி விஷயத்தில் மட்டும் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.